தண்ணீருக்குள் டயர்

குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் அவள் உதவியாளர். குழந்தை நாற்காலியில் ஏறிப் படுத்ததும் விளக்கைத் திருப்புவாள், கருவிகளை எடுத்துக் கொடுப்பாள், அழுகிற கையைப் பிடித்துக்கொள்வாள். எல்லாம் முடிந்த பிறகு பெற்றோரை ஓரமாக உட்கார வைத்து நாலு வார்த்தை சொல்வாள். ஒன்பது வருடமாக அந்த நாலு வார்த்தை மாறவில்லை.

“சாப்பாட்டோட பால். நடுவுல தாகம்னா தண்ணி. இந்த வயசுக்கு அவ்வளவு போதும். ஜூஸ் பழத்துலேர்ந்துதான் வருது, ஆனா பல்லுக்கு அது தெரியாது.”

கடைசி வரிக்குப் பெற்றோர் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சாயங்காலம் வீட்டுக்குப் போய் ஃபிரிட்ஜைத் திறந்தால் கதவுத் தட்டில் மூன்று ஆப்பிள் ஜூஸ் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். நாலாவது டப்பா எப்போதும் பாதி காலியாக இருக்கும்.

மகளுக்கு நாலு வயது. வீட்டில் கடுகு என்று கூப்பிடுவார்கள். பிறந்தபோது அவ்வளவு சின்னதாக இருந்தாள், காரமும் அதற்கேற்ப இருந்தது. தண்ணீர் என்றால் அவளுக்கு ஆகவே ஆகாது. ஒரு வாய் வாங்கிக்கொள்வாள். இரண்டு கன்னமும் உப்பியபடி, அம்மா அந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து, ஜன்னலோரத் தொட்டிச் செடியில் போய்த் துப்பிவிட்டு வருவாள். செடி செழித்து வளர்ந்தது. கடுகுக்குத்தான் வயிறு இறுகி, கழிவறையில் அம்மாவின் தோளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுகிற காலைகள் வந்தன. அந்த நேரத்தில் ஜூஸாவது உள்ளே போகட்டும் என்றுதான் எந்தத் தாய்க்கும் தோன்றும். ஒரு டம்ளர் இரண்டானது அப்படித்தான். இரண்டு, யாரும் எண்ணாத அளவுக்குப் போனதும் அப்படித்தான்.

தண்ணீர் ஏன் வேண்டாம் என்று கேட்டால் கடுகிடம் ஒரே பதில்.

“அதுக்குள்ள டயர் இருக்கு.”

“டயர் மட்டும்தானா? வண்டியும் இருக்கா?” என்பான் அப்பா.

அப்பா குழாய் வேலை செய்பவன். எந்த வீட்டுச் சுவரைத் தட்டினாலும் உள்ளே எது எங்கே ஓடுகிறது என்று சொல்லிவிடுவான். தண்ணீர் பற்றி அவனுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. “தண்ணிக்கு நிறம் கிடையாது, மணம் கிடையாது, ருசி கிடையாது. இதப் பள்ளிக்கூடத்துலயே சொல்லிட்டாங்க கண்ணு,” என்று மகளின் தலையைத் தடவிவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவான். கடுகு அவன் முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவள் ஒருநாளும் வாதாடியதில்லை. தெரிந்ததைச் சொல்லியாகிவிட்டது, அதற்குமேல் அவர்கள் பாடு என்பதுபோல் இருக்கும் அந்தப் பார்வை.

ஒரு காலையில் பல் தேய்த்துவிடும்போது, கீழ்வரிசைக் கடைவாய்ப் பல்லில் அம்மாவின் கண் நின்றுவிட்டது. பழுப்பாக ஒரு புள்ளி. பக்கத்துப் பல்லில் இன்னொன்று. தினம் பத்து வாய் பார்க்கிறவளுக்கு அது என்னவென்று சந்தேகமே வரவில்லை. பிரஷைக் கழுவி வைத்துவிட்டு, குளியலறைத் தரையிலேயே சற்று நேரம் உட்கார்ந்திருந்தாள்.

அன்றே மருத்துவமனையில் டாக்டரம்மா கடுகின் வாயைப் பார்த்து முடித்து முகக்கவசத்தைக் கீழே இறக்கினார்.

“ரெண்டு பல்லு. ஆழமில்ல, அடைச்சிடலாம். நீ ஏன் இப்படி மூஞ்சிய வச்சிருக்க?”

“ஊருக்கெல்லாம் சொல்றேன் டாக்டர். என் வீட்ல...”

“வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்குன்னு சும்மாவா சொன்னாங்க? என் பையனுக்கு ஆறு பல்லு அடைச்சிருக்கேன். யார்கிட்டயும் சொல்லிடாத.” அவர் கையுறையை மாட்டிக்கொண்டார். “ஜூஸ ஒரே நாள்ல நிறுத்தாத, வீடு ரெண்டாயிடும். கொஞ்சம் கொஞ்சமா தண்ணி கலந்துட்டே வா. பால் சாப்பாட்டோட இருக்கட்டும், சர்க்கரை வேண்டாம். தண்ணிய மட்டும் எப்படியாவது பழக்கு.”

“அதத்தான் எப்படின்னு தெரியல. தண்ணிக்குள்ள டயர் இருக்குங்குறா.”

டாக்டரம்மா சிரித்துவிட்டு வேலையை ஆரம்பித்தார். கடுகு அழவில்லை. விளக்கையே பார்த்துக்கொண்டு, திறந்த வாய் திறந்தபடி, இருபது நிமிடம் கிடந்தாள். முடிந்ததும் அம்மா வழக்கம்போல் ஒரு காகிதக் கோப்பையில் தண்ணீர் பிடித்து நீட்டினாள்.

“கொப்புளிச்சுத் துப்பு கண்ணு.”

கடுகு ஒரு வாய் வாங்கினாள். கன்னங்கள் உப்பின. அம்மா துப்பும் தொட்டியை அருகே நகர்த்தினாள். ஆனால் கன்னங்கள் மெல்லச் சுருங்கின. தொண்டையில் ஏதோ ஏறி இறங்கியது. கடுகு கோப்பைக்குள் எட்டிப் பார்த்தாள். மறுபடி வாயில் வைத்தாள். கோப்பை காலியாகும்வரை வைத்த வாயை எடுக்கவில்லை.

“இன்னும் குடு,” என்றாள்.

இரண்டாவது கோப்பையும் காலியானது. ஒன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கொப்புளிக்கிற தண்ணீரை இரண்டு கோப்பை குடித்த குழந்தை கிடையாது.

“கடுகு, இதுல டயர் இல்லையா?”

“இல்ல.” அவள் நாக்கால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “இதுல ஒண்ணுமே இல்ல. நல்லா இருக்கு.”

அம்மா காலிக் கோப்பையை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வருடமாக இந்தக் குழந்தை தகவல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. அதைப் பிடிவாதம் என்று பெயர் வைத்துவிட்டு வீடே சிரித்துக்கொண்டிருந்திருக்கிறது.

அன்று மாலை மருத்துவமனைத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனாள். கணவன் வேலை முடிந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னாள்.

“அங்க டாக்டர் இருக்காங்க, விளக்கு இருக்கு, பயத்துல குடிச்சிருப்பா,” என்றான்.

“அப்ப வந்து உக்காருங்க. பாத்துடுவோம்.”

சாப்பாட்டு மேசையில் ஒரே மாதிரி நாலு வெள்ளைக் கோப்பைகளை வைத்தாள். ஒன்றில் மருத்துவமனைத் தண்ணீர். ஒன்றில் சமையலறைக் குழாயில் பிடித்தது. ஒன்றில் அதையே கொதிக்க வைத்து ஆறவிட்டது. நாலாவதில் குளியலறைக் குழாயில் பிடித்தது. எது எது என்று துண்டுக் காகிதத்தில் எழுதிக் கோப்பைக்கு அடியில் சொருகினாள். கணவன் கடுகைத் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, நாலையும் இடம் மாற்றி வைத்தான். அவனுக்கு இது விளையாட்டாகத்தான் இருந்தது.

கடுகு முதல் கோப்பையில் உதட்டை மட்டும் நனைத்தாள். “டயர்.”

இரண்டாவது. “இது அம்மா ஆஸ்பத்திரி.” அதை முழுக்கக் குடித்தாள்.

மூன்றாவது. முகம் சுளித்தது. “இதுவும் டயர். வெந்த டயர்.”

நாலாவதில் கொஞ்சம் யோசித்தாள். நாக்கை வெளியே நீட்டி உள்ளே இழுத்தாள். “டயர் இல்ல. சாவி.”

“சாவியா?”

“வாசக் கதவு சாவி. அத வாயில வச்சா இருக்கும்ல, அது.”

காகிதங்களை எடுத்துப் பார்த்தார்கள். நாலும் சரி. கணவன் சிரிப்பை நிறுத்தினான். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கோப்பைகளைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டு போய், இந்தத் தடவை ஒரு வேலை செய்தான். இரண்டில் மருத்துவமனைத் தண்ணீர், இரண்டில் சமையலறைத் தண்ணீர். குளியலறைத் தண்ணீரை எடுக்கவே இல்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. கொண்டுவந்து வரிசையாக வைத்தான்.

கடுகு நாலையும் ருசி பார்த்தாள். முதலும் மூன்றும் அம்மா ஆஸ்பத்திரி என்றாள். இரண்டும் நாலும் டயர் என்றாள். பிறகு மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள்.

“என்ன தேடுற?” என்றான் அப்பா.

“சாவி எங்க போச்சு?”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு மெதுவாக உட்கார்ந்தான். மகளின் முகத்தை, யாரோ புதிதாக வீட்டுக்கு வந்தவர் முகத்தைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.

“உன்கிட்ட ஒண்ணு சொல்லல,” என்றான் மனைவியிடம், குரல் தாழ்ந்து. “குளியலறையில டைல்ஸ் ஒட்டுனப்ப பழைய இரும்புக் குழாய எல்லாம் எடுத்துட்டேன். ஒரு முழம் மட்டும் எடுக்க வரல. செவுத்த உடைக்கணும். அப்படியே விட்டு மேல டைல்ஸ் ஒட்டிட்டேன். அது அங்க இருக்குறது எனக்கும் செவுத்துக்கும் மட்டும்தான் தெரியும்.”

“இப்ப இவளுக்கும் தெரியும்,” என்றாள் அவள்.

இருவரும் குழந்தையைப் பார்த்தார்கள். கடுகு காலியான கோப்பைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அரை விரல் நீள நாக்கு. அது சுவருக்குள் போய், சிமெண்டுக்கும் டைல்ஸுக்கும் பின்னால் ஒளித்து வைத்திருந்த ஒரு முழ இரும்பைத் தொட்டுவிட்டு வந்திருந்தது.

அப்படியானால் டயர்? அவன் டார்ச்சை எடுத்துக்கொண்டு சமையலறைத் தொட்டிக்குக் கீழே படுத்தான். அவன் கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. அவை வெகுநேரம் அசையவில்லை.

“என்னங்க ஆச்சு?”

“ஒண்ணும் ஆகல. நான் பண்ணுனதுதான்.”

மூன்று வருடத்துக்கு முன் குடிவந்தபோது, குழாய்க்கும் சுவருக்கும் நடுவே மாட்டச் சரியான இணைப்புக் குழாய் கையில் இல்லை. யார் வீட்டுத் தோட்ட வேலைக்கோ வாங்கியதில் மிச்சமாய்க் கிடந்த கறுப்பு ரப்பர் குழாயை வெட்டி மாட்டியிருந்தான். இப்போதைக்கு இருக்கட்டும், நாளைக்கு மாற்றிவிடலாம் என்று நினைத்தது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. அதைக் கழற்றி மூக்கருகே வைத்தான். வண்டிப் பட்டறையில் நிற்பதுபோல் இருந்தது.

“நமக்கு ஏன் தெரியல?” என்றாள் அவள்.

“காலையில முதல்ல யாருக்குத் தண்ணி புடிப்ப?”

அவளுக்குப் புரிந்துவிட்டது. எழுந்ததும் முதல் வேலை கடுகின் பாட்டிலை நிரப்புவது. ராத்திரி முழுக்க ரப்பருக்குள் ஊறிக் கிடந்த தண்ணீர் முதலில் குழந்தைக்குத்தான் போயிருக்கிறது. அதற்குப் பிறகு வந்த தண்ணீரில்தான் பெரியவர்களுக்கு டீ. டீயில் எது தெரியும்?

“குடிக்கிற தண்ணிக்கு இந்த ரப்பர் ஆகாதுன்னு வீடு வீடாச் சொல்றவன் நான்,” என்றான். அவள் தன்னுடைய நாலு வார்த்தையை நினைத்துக்கொண்டாள். ஊருக்கு உபதேசம் செய்கிற இரண்டு பேர் ஒரே வீட்டில் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் கடை திறந்ததும் குடிநீருக்கான இணைப்புக் குழாயை வாங்கிவந்து மாட்டினான். கால் மணி நேரம் தண்ணீரைத் திறந்துவிட்டான். ஒரு டம்ளர் பிடித்து மகளிடம், அலுவலகத்தில் மேலதிகாரியிடம் ஃபைலை நீட்டுவதுபோல் நீட்டினான்.

கடுகு ருசி பார்த்தாள். “டயர் போயிடுச்சு.”

“அப்ப குடி.”

“வேண்டாம். ஜூஸ் குடு.”

“டயர்தான் போயிடுச்சே.”

“ஆனா இனிப்பு இல்லையே,” என்றாள் கடுகு.

அதுவும் உண்மைதான். தவறான குழாயை ஒரு காலையில் மாற்றலாம், ஒரு வருடப் பழக்கத்தை மாற்ற நாளாகும். அம்மா டாக்டரம்மா சொன்னபடி செய்தாள். ஜூஸில் முதல் வாரம் இரண்டு கரண்டி தண்ணீர். கடுகு ஒரு வாய் குடித்துவிட்டு, “மழை பேஞ்ச ஜூஸ்,” என்றாள். ஆனால் குடித்தாள். அடுத்த வாரம் நாலு கரண்டி. எலுமிச்சைத் துண்டு போட்டுப் பார்த்தாள், கடுகு துண்டை எடுத்துத் தின்றுவிட்டுத் தண்ணீரை வைத்துவிட்டாள். வெள்ளரித் துண்டுக்கும் அதே கதி. ஸ்ட்ராபெரி வைத்து உறைய வைத்த பனிக்கட்டிக்கு மட்டும் கொஞ்சம் மதிப்பு கிடைத்தது. சாப்பாட்டோடு பால் வந்தது. சர்க்கரை இல்லாத பாலைக் கடுகு இரண்டு நாள் சந்தேகித்துவிட்டு மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டாள்.

ஒருநாள் கடுகு கேட்டாள்: “அப்பா தண்ணி குடிப்பாரா?”

யோசித்துப் பார்த்தால், இல்லை. அவனுக்கு டீ. அம்மாவுக்கு சோடா. அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கச் சொல்லப்பட்டது குழந்தை ஒன்றுதான். அன்றிலிருந்து மேசையில் ஒரு கண்ணாடி ஜாடி வந்தது. மூன்று பேருக்கும் மூன்று டம்ளர். அப்பா முதல் நாள் மருந்து குடிப்பதுபோல் குடித்தான். பத்து நாளில் ஜாடியை இரண்டு தடவை நிரப்ப வேண்டியிருந்தது.

ஏழாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அடுக்குமாடியின் லிஃப்ட் வேலை செய்யவில்லை. பூங்காவிலிருந்து திரும்பிய கடுகு ஐந்து மாடியும் அப்பாவோடு பந்தயம் ஓடி ஏறினாள். கதவைத் தள்ளிக்கொண்டு வந்தவள் நேரே மேசைக்குப் போனாள். யாரும் குடிக்கச் சொல்லவில்லை. நாற்காலியில் ஏறி, ஜாடியை இரண்டு கையாலும் சாய்த்து, டம்ளரில் பாதியும் மேசையில் பாதியுமாக ஊற்றினாள். வெறும் தண்ணீர். தலையை அண்ணாந்து குடிக்க ஆரம்பித்தாள்.

அம்மா கையில் துணியோடு அப்படியே நின்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் அந்தச் சின்னத் தொண்டை ஏறி இறங்கியது. எத்தனையோ குழந்தைகளின் வாயை ஒன்பது வருடமாகப் பார்த்தவள், ஒரு குழந்தை தாகத்துக்குத் தண்ணீர் குடிப்பதை அன்றுதான் முதல்முறை பார்ப்பதுபோல் இருந்தது. யாரும் ஊட்டவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. உள்ளிருந்து ஏதோ கேட்டது, கை நீண்டது, தண்ணீர் போனது. அவ்வளவுதான். அவ்வளவும் அவளுக்குப் பெரிதாக இருந்தது.

அப்பா வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான். பேசினால் எங்கே நிறுத்திவிடுவாளோ என்று பயந்தவன்போல் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

கடுகு டம்ளரை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். பிறகு இறங்கி வந்து சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினாள்.

“அம்மா, உள்ள சத்தம் கேக்குது. வந்து கேளு.”

அவள் முழங்காலிட்டு மகளின் வயிற்றில் காதை வைத்தாள். முதலில் தன் மூச்சுதான் கேட்டது. அதை அடக்கிக்கொண்டாள். அப்போது கேட்டது, எங்கோ ஆழத்தில், மெல்லிய களகளப்பு.

“கேக்குதா?” என்றாள் கடுகு.

“கேக்குது,” என்றாள் அம்மா. கணவனைக் கையசைத்துக் கூப்பிட்டாள். அவன் வந்து அந்தப் பக்கம் குனிந்து காதை வைத்தான். மூன்று பேரும் அசையாமல் இருந்தார்கள்.