முதுகு காட்டிய பூனை

ஹே என்ற ஊர்ப் பக்கம் ஆடு வளர்ப்பவர்களைக் கேட்டால், மந்தை நாய்களைப் பற்றி மெர்வுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை என்பார்கள். அதுவே வினையாகப் போனது. மனைவி நோரீன் விட்டுப்போன பூனையையும் மனுஷர் நாய் என்றே நினைத்துப் பார்த்தார்.

அவர் நாய்ப் போட்டிக்குப் போயிருந்த ஒரு நாளில்தான் நோரீன் சமையலறையில் விழுந்தாள். சாயங்காலம் ஜெயித்த கோப்பையோடு வீட்டுக்குள் வந்தபோது அவள் உடம்பு சில்லிட்டிருந்தது. அருகில் பிக்கிள் உட்கார்ந்திருந்தது. கடைசி நேரத்தில் அவளோடு இருந்தது அந்தப் பூனை மட்டும்தான்.

அடக்கம் முடிந்த பிறகு, அவர் தேநீரோடு நாற்காலியில் சாயும்போதெல்லாம் பிக்கிள் வந்து அவர் காலடியில் உட்காரும். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்காரும். எஜமானுக்கு முதுகு காட்டும் நாய் அவனைக் கைகழுவிவிட்டது என்பது அவர் கணக்கு. குனிந்து அதன் கண்ணை உற்றுப் பார்ப்பார். அது திரும்பி அவரைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடும், திறக்கும், மறுபடி மூடும். இந்த மூஞ்சியைப் பார்க்கக்கூட அதற்குப் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டார். ஊரில் ஒருவரும் அவரை ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை. பூனை சொல்லிவிட்டது என்று நம்பினார். அது அவர் நெஞ்சை அறுத்தது.

பக்கத்து வீட்டு ஜோலின் வேலை கிடைத்து, நாட்டின் மறுகோடியில் இருக்கும் புரூமுக்குக் குடிபோகவிருந்தாள். பூனையைக் கூட்டிப்போகிறாயா என்று அவளைக் கேட்டார். அவளுக்கு ஒரே சந்தோஷம்.

மகள் லீயான் வந்தவள் நேராகப் பூனையின் மெத்தையைத்தான் பார்த்தாள்.

"பிக்கிள் எங்கப்பா?"

"ஜோலினோட அனுப்பிட்டேன். அதுக்கு என்னைப் பிடிக்கலம்மா. அன்னைக்கு நான் வீட்ல இல்லைன்னு கோவம். தெனமும் வந்து முதுகைக் காட்டிக்கிட்டு உக்காரும்."

லீயான் அந்தக் காலி மெத்தையைக் கையில் எடுத்தாள்.

"நம்பாத ஆளுக்குப் பூனை முதுகு காட்டாதுப்பா. பின்னால நீ இருக்கே, பயமில்லைன்னு அர்த்தம். அம்மாகிட்டயும் அப்படித்தான உக்காரும், நீ பாத்ததில்லையா?"

பார்த்ததில்லை. அந்த நேரத்தில் அவர் எப்போதும் கொட்டகையில் நாய்களோடு இருப்பார்.

"கண்ணை மெதுவா மூடி மூடித் தொறந்தா?" என்று கேட்டார்.

"அது உன்னைக் கொஞ்சுறதுப்பா" என்றவள் அழுதுவிட்டாள்.

மெர்வ் ஜோலினுக்குப் போன் போட்டார். பூனையைத் திருப்பிக் கேட்க வேண்டும் என்றுதான் போட்டார்.

"சூப்பரா இருக்கு மெர்வ்" என்றாள் அவள். "வந்ததுலேர்ந்து கட்டிலுக்கு அடியில உக்காந்து என்னையே கண் கொட்டாம பாக்குது. வாலையும் ஆட்டிக்கிட்டே இருக்கு. என்னை ரொம்பப் பிடிச்சுப்போச்சு போல."

கண்ணை மூடித் திறப்பது கொஞ்சல் என்றால், இது பயம் என்று அவருக்குப் புரிந்தது. பயந்து போய்க் கிடக்கும் அந்த ஜீவனை மறுபடி ஒரு கூண்டில் அடைத்து, நாட்டின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு வண்டியில் உருட்டிக்கொண்டு வரச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கேட்க வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"அதை உத்துப் பாக்காதம்மா" என்றார். "நீ அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கோ. அதுவா வெளிய வரும். வந்து உனக்கு முதுகைக் காட்டுச்சுன்னா..."

காலியாக இருந்த தன் காலடியைப் பார்த்தார்.

"தப்பா எடுத்துக்காத."