மேல்மடையில் இன்னொரு ரூட்டர்

வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, கேபிள்காரர் பினு கணினித் திரையைப் பார்த்துவிட்டு மலையாளம் கலந்த தமிழில் ஒரு வாக்கியம் சொன்னார். அதைக் கேட்ட பொங்கியண்ணன், ஏற்கெனவே உட்கார்ந்திருந்த நாற்காலியில் மறுபடியும் ஒருமுறை உட்கார்ந்தார்.

"சேட்டா, இந்த வீட்டுக்கு நம்ம கனெக்ஷனே இல்லல்லோ. கட் பண்ணி மூணு வருஷமாச்சு."

இந்த அதிர்ச்சியின் எடை தெரிய வேண்டுமென்றால், பத்து நாள் முன்னால் அண்ணமார் கோயில் மண்டபத்தில் நடந்த கமிட்டிக் கூட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பொங்கியண்ணன் இரிகேஷன் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். எருத்தேன்பதியில் ஓய்வு பெற்ற மற்றவர்கள் தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள். இவர் கோயில் கமிட்டியின் செயலாளரானார். கும்பாபிஷேகத்தை நாலு கேமரா, ஒரு ட்ரோன் வைத்து ஒன்பது மணி நேரம் எடுத்திருந்தார்கள். அதில் செயலாளர் மட்டும் ஏழு மணி நேரம் வருகிறார். திருப்பூரிலும் துபாயிலும் மெல்பர்னிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அதை எப்படி அனுப்புவது என்று பேச்சு வந்தபோது, ஏதாவதொரு கம்பெனியின் கிளவுடில் ஏற்றிவிடலாமே என்றார் பொருளாளர் ரமேஷ்குமார். பொங்கியண்ணன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"எவனோ கடலுக்கு அக்கட்ட ஊடு கட்டி வெச்சிருப்பான், அவனூட்டுப் பரணையில நம்ம சாமிய ஏத்தி வெக்கோணுமா? என்ற ஊட்டுல கம்ப்யூட்டர் இருக்குது. என்ற ரூட்டர் இருக்குது. டோரண்ட்டுல போட்டு, என்ற ஊட்டுல இருந்தே உலகம் பூராக் குடுக்கறேன். அடுத்த வார வெள்ளிக்கெழம, சாயங்காலம் ஆறு மணிக்குள்ள. ஒருத்தன் தயவு இல்லாம! முடியலீன்னா செயலாளர் பதவிய இந்தச் சூலத்துக்கு அடியில வெச்சுப் போட்டுப் போயர்றேன்."

எல்லோரும் கைதட்டினார்கள். ரமேஷ்குமார் மட்டும் கொஞ்சம் கூடுதலாகத் தட்டினார். அடுத்த செயலாளர் அவர்தான் என்று ஊரில் பேச்சு.

டோரண்ட் என்பது, கோப்பை எங்கும் ஏற்றாமல் நம் கணினியிலேயே வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கு நேராகக் கொடுக்கிற நிரல். வெளியிலிருந்து கேட்டு வருகிறவர்கள் உள்ளே நுழைய, கொடுப்பவர் வீட்டு ரூட்டரில் ஒரு போர்ட் திறந்திருக்க வேண்டும். பொங்கியண்ணன் இதைத் தன் மனைவி மருதாத்தாளுக்கு இரிகேஷன் முறைப்படி விளக்கினார்.

"ரூட்டருங்கறது மதகு. போர்ட்டுங்கறது அதுல இருக்கற ஷட்டர். நம்முளுது 51413ஆம் நம்பர் ஷட்டர். அதத் தூக்குனா ஊரெல்லாம் பாயும்."

"தூக்குங்," என்றாள் மருதாத்தாள்.

தூக்க முடியவில்லை. நிரலின் அடிவரியில் ஒரு சிவப்புப் புள்ளி, பக்கத்தில் 'போர்ட் மூடியிருக்கிறது' என்ற செய்தி. பொங்கியண்ணன் திங்கட்கிழமை ஏழு இணையதளங்களைப் படித்தார். கணினிக்கு நிலையான முகவரி கொடுத்தார். ரூட்டரின் பக்கத்துக்குள் போய் 51413-ஐ எழுதினார். சிவப்பு. செவ்வாயன்று ஃபயர்வாலிடம் அனுமதி கேட்டார், பிறகு ஃபயர்வாலையே அணைத்தார். சிவப்பு. புதனன்று ரூட்டரைக் கழற்றிக் கன்னி மூலைக்கு மாற்றினார். வியாழனன்று, போன ஆயுத பூஜைக்கு ரூட்டருக்கு வைத்த சந்தனம் காற்றோட்டத்தை அடைத்துக்கொண்டிருப்பதாகக் கண்டுபிடித்து, பல்துலக்கும் பிரஷ்ஷால் சுரண்டினார். ரூட்டர் பளபளத்தது. புள்ளி சிவப்பாகவே இருந்தது. 'மாமா, இன்னும் சைபர் பெர்சண்ட்தான்' என்று மெல்பர்னிலிருந்து தினமும் ஒரு செய்தி வந்தது. வெள்ளி காலையில் சொந்தக்காரர்கள் குழுவில் ரமேஷ்குமார் ஒரு படம் போட்டார். வெறும் சூலம். கீழே 'இனிய காலை வணக்கம்'.

அதன் பிறகுதான் பொங்கியண்ணன் கேபிள் ஆபீசுக்குப் போன் போட்டு இருபது நிமிடம் திட்டினார். பினு வந்தார். வந்து, மேலே சொன்ன வாக்கியத்தைச் சொன்னார்.

"இல்லியா?" என்றார் பொங்கியண்ணன். "அப்பறம் இதுல ஓடறது என்ன, காவேரியா? மூணு வருஷத்துக்கு முந்தி நீங்க கட் பண்ணுனீங்க, வாஸ்தவம். நான் இங்கிலீஷ்ல ஒம்பது பக்கம் லெட்டர் எழுதுனேன். நாலாம் நாளு நெட்டு வந்துச்சா இல்லியா? அதுக்கப்பறம் எனக்குப் பில்லு அனுப்பற தைரியம் உங்க ஆபீசுல எவனுக்காச்சு வந்துச்சா?"

இந்த லெட்டர் கதை எருத்தேன்பதியில் பிரசித்தம். கல்யாண வீட்டிலும் எழவு வீட்டிலும் அவர் அதைச் சொல்லியிருக்கிறார். கம்பெனிகளை நடுங்கவைக்க எப்படி எழுதுவது என்று கேட்டு, கொழிஞ்சாம்பாறையிலிருந்து இரண்டு பேர் வந்து குறிப்பெடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பினு வாதம் செய்யவில்லை. திரையில் இரண்டு எண்களைக் காட்டினார்.

"இது உங்க ரூட்டருக்கு வெளியிலிருந்து கிடைச்ச நம்பர். 192.168.1.7. இது வெளி உலகம் பாக்குற நம்பர். ரெண்டும் ஒண்ணா இருக்கணும் சேட்டா. இல்ல. 192.168-ன்னு தொடங்கினா அது வீட்டுக்குள்ள நம்பர். அப்போ உங்களுக்கு மேல வேற ஒரு ரூட்டர் இருக்கு. அது ஆரோட ரூட்டர்?"

 முப்பத்தோரு வருஷம் மேல்மடைக்காரனுக்கும் கடைமடைக்காரனுக்கும் நடந்த சண்டைக் கோப்புகளைக் கட்டிக்கட்டி வைத்தவர் பொங்கியண்ணன். 'உன் மதகைத் திறந்து என்னய்யா பிரயோஜனம், மேலே அடைத்திருக்கிறானா என்று போய்ப் பார்' என்று எத்தனை விவசாயிகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார். நாலு நாளாகத் தன் ஷட்டரையே தூக்கித் தூக்கி இறக்கியவருக்கு, தான் கடைமடையாக இருக்கக்கூடும் என்ற எண்ணம் மட்டும் வரவில்லை.

பினு வயரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். பொங்கியண்ணன் பின்னால் போனார். வயர் ஜன்னல் வழியாக வெளியே போயிற்று. தெருக் கம்பத்தின் பக்கம் திரும்பும் என்று பொங்கியண்ணன் எதிர்பார்த்த இடத்தில், அது கொல்லைப்புறம் திரும்பியது. மருதாத்தாளின் அவரைப் பந்தலுக்குள் புகுந்து கொடியோடு கொடியாக ஏறி, மதிலில் ஒரு ஓட்டைக்குள் மறைந்தது.

மதில் எட்டடி. உச்சியில் கண்ணாடிச் சில்லு பதித்தது. கட்டியவர் பொங்கியண்ணன். அந்தப் பக்கம் இருப்பது அவருடைய தம்பி பூபதிராஜாவின் வீடு. எல்லைக்கல்லை ஒட்டி நின்ற ஒரு தென்னை யாருடையது என்று பதினொரு வருஷத்துக்கு முன்னால் தகராறு. தென்னை அப்புறம் வண்டு விழுந்து செத்துப்போனது. தகராறு ஆரோக்கியமாக இருக்கிறது. 'அவனூட்டுத் தண்ணி என் நாக்குல படாது' என்று பொங்கியண்ணன் அண்ணமார் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தவர். கும்பாபிஷேக நோட்டீஸில் பந்தல்காரர் பெயர் உண்டு, பாத்திரம் கழுவியவர் பெயர் உண்டு, தம்பி பெயர் கிடையாது. தம்பியும் வரவில்லை.

மருதாத்தாள் பந்தலடியில் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"மருதா, இந்த ஒயரு எங்க போகுது?"

"செவுத்துக்குள்ள போகுதுங்."

"செவுத்துக்குள்ள போயி?"

"அக்கட்ட போகுதுங்."

பொங்கியண்ணன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டார். அவள் பறிப்பதை நிறுத்தவில்லை.

"நம்ம புள்ள யோகப்பிரியா வேலைக்குச் சேந்து மூணா நாளு. ஊட்டுல உக்காந்து பாக்கற வேலை. நீங்க கேபிள்காரனத் தொரத்திப் போட்டு லெட்டர் எழுத உக்காந்துட்டீங்க. லெட்டருல நெட்டு வருமுங்களா? நான் என்ற ஓரகத்தி சாந்தம்மாகிட்டக் கேட்டேன். கொழுந்தனாரு நாலாம் நாளே ஒயரு இழுத்துக் குடுத்தாரு."

"என்ற செவுத்துல ஓட்டை போட்டானா அவன்?"

"அவரு எங்கீங் போட்டாரு? நாந்தான் ஆளு வெச்சுப் போட்டேன். நீங்க அந்த லெட்டர ரெஜிஸ்டர் பண்றக்குச் சித்தூருக்குப் போயிருந்தீங்க."

"நான் சத்தியம் பண்ணுனவன், மருதா!"

"தண்ணிக்குத்தானுங் சத்தியம் பண்ணுனீங்க. நெட்டப் பத்திச் சாமிகிட்ட நீங்க ஒண்ணும் சொல்லலீங்களே."

பொங்கியண்ணன் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். மூன்று வருஷம். 'தன் காலில் நிற்பது எப்படி' என்று அவர் குழுவில் எழுதிய தொடர், தம்பி வீட்டு வழியாகப் போயிருக்கிறது. 'கூடப் பிறந்த துரோகிகள்' என்று பெயர் சொல்லாமல் போட்ட நீண்ட பதிவும் அந்தத் துரோகி வீட்டு ரூட்டரில் வரிசையில் நின்று, வழி கேட்டு, வெளியேறியிருக்கிறது. நடுங்கிய கம்பெனி என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

"போன் நெட்டுல பண்ணலாமா?" என்று பினுவைக் கேட்டார்.

"போன் நெட்டுல போர்ட் திறக்காது. புது கனெக்ஷன்னா மூணு நாள், திங்களாழ்ச்ச ஆகும். மேல இருக்குற ரூட்டர்ல ஒரு வரி சேர்த்தா மதி, போதும். 51413 வந்தா 192.168.1.7-க்கு விடணும். ரெண்டு மினிட் வேலை."

"அப்ப நீங்களே அக்கட்ட போயி..."

பினுவின் போன் அடித்தது. கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலை முழுக்க நெட் போய்விட்டதாம். இரண்டு எண்களையும் ஒரு பழைய கவரின் முதுகில் எழுதிக் கொடுத்துவிட்டு பைக்கில் ஏறினார். "அனியன் அல்லே சேட்டா, உங்க தம்பிதானே. கூப்பிட்டுச் சொல்லுங்க," என்றார் போகிற போக்கில், பதினொரு வருஷத்தைப் பற்றி எதுவும் தெரியாத மனிதர்.

பொங்கியண்ணன் கவரை மனைவியிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"மூணு வருஷமா நாந்தானுங் கேட்டுட்டு இருக்கறேன். இன்னிக்கு ஒரு நாளு நீங்க கேளுங்."

ஐந்தரை மணி. குழுவில் ரமேஷ்குமார் 'எல்லாரும் தயாரா?' என்று கேட்டிருந்தார். பொங்கியண்ணன் வேட்டியைச் சரிசெய்துகொண்டு, அவரைக் கொடிக்கு முன்னால் போய் நின்று, தொண்டையைச் செருமினார். தம்பியிடம் அல்ல, கொடியிடம் பேசினார்.

"இந்த மதிலுக்கு அக்கட்ட ஒரு ரூட்டர் இருக்கறதாகத் தெரிய வருது. மேற்படி ரூட்டருல ஒரு போர்ட் தெறக்க வேண்டியிருக்குது. சம்பந்தப்பட்டவங்க கவனிக்கோணும்."

அந்தப் பக்கம் டி.வி. சத்தம் நின்றது. பிறகு ஒரு குரல், அதுவும் யாரிடமும் அல்லாமல்: "என்ன நம்பருன்னு மதிலு தெளிவாச் சொன்னாத் தேவலைங்."

மதில் சொன்னது. இரண்டு முறை சொன்னது. 'போட்டாச்சுங்' என்று பதில் வந்ததும் பொங்கியண்ணன் வீட்டுக்குள் ஓடினார். சிவப்பு. திரும்பி ஓடி வந்தார்.

"தெறக்கலைன்னு தகவல்!"

"எல்லாம் சொன்ன மாறியே போட்டாச்சுன்னு பதிலுங்."

உள்ளே ஓடினார். சிவப்பு. மணி ஐந்து ஐம்பத்திரண்டு. இந்தத் தடவை அவர் ஓடி வந்தபோது, 'மேற்படி', 'சம்பந்தப்பட்டவங்க' எல்லாம் வழியிலேயே எங்கோ விழுந்துவிட்டன.

"டேய் பூபதி! எல்லாம் போட்டயே, கடைசியில சேவ் அமுத்துனயாடா?"

சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. பதினொரு வருஷமாக அவர் வாயில் அந்தப் பெயர் வந்ததில்லை. மருதாத்தாளின் கை அவரைக்காயோடு நின்றது. மதிலுக்கு அப்பால் ஒரு பாத்திரம் கீழே விழுந்து உருண்டது.

"...அமுத்துலீங்ணா," என்றது அந்தப் பக்கம். "இருங், அமுத்தறேன்."

புள்ளி பச்சையானது. ஐந்து ஐம்பத்தைந்து. பொங்கியண்ணன் வாங்குகிறவர்களின் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துபாய் வரும், மெல்பர்ன் வரும். முதலில் வந்து ஒட்டிக்கொண்ட முகவரி 192.168.1 என்று தொடங்கியது. துபாய் அப்படித் தொடங்காது; தம்பி வீட்டு ரூட்டர் கொடுக்கிற நம்பர்தான் அப்படித் தொடங்கும். நோட்டீஸில் பெயர் இல்லாதவன், குழுவில் இணைப்புப் போட்ட திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்திருக்கிறான். அதையே பார்த்துக்கொண்டிருந்தவருக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது. சந்தனத் தூசியாக இருக்கலாம்.

இருந்தாலும் செயலாளர் செயலாளர்தான். குழுவில் எழுதத் தொடங்கினார்: 'சொன்ன நேரத்தில், சொந்த முயற்சியில், எவருடைய தயவுமின்றி...'

பின்னால் நின்று படித்த மருதாத்தாள், "தாராளமா அனுப்புங்," என்றாள். "சுவிட்சு அக்கட்டத்தானுங் இருக்குது."

அவர் ஒவ்வொரு சொல்லாக அழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் 'பொங்கியண்ணன், செயலாளர்' என்பது மட்டும் மிஞ்சியது. அதை அனுப்பினார். மெல்பர்ன் கைகூப்பியது. ரமேஷ்குமாரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

ஆறரை மணிக்கு மதிலுக்கு அந்தப் பக்கம் நாகஸ்வரம் கேட்டது. ஏழு மணிக்கு, அவரைப் பந்தலுக்கு மேலாகத் தம்பியின் குரல்.

"ஏனுங்ணா, அரை மணி நேரமாப் பாக்கறேன், நீங்களேதான் வந்துட்டு இருக்கறீங்க. இதுல சாமி எப்பங் வரும்?"