பக்கத்துப் படுக்கைக்கு வந்த அழைப்பு

மூன்று வருடமாகத் தையல்காரியின் கணவர் வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார். பக்கத்துப் படுக்கை வேன் ஓட்டுநருடையது. இயந்திரம் ஓடும் நான்கு மணி நேரமும் இருவரின் மனைவிமாரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பைபிளை மாற்றி மாற்றி வாசிப்பார்கள். "ரெண்டு பேருக்கும் சீக்கிரமா கிட்னி கிடைக்கணும் ஆண்டவரே" என்று சேர்ந்தே ஜெபிப்பார்கள்.

காத்திருப்போர் பட்டியலில் ஓட்டுநரின் பெயர் ஏறியது ஒன்றரை வருடம் பிந்தித்தான். ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அழைப்பு அவருக்கு வந்தது. தானமாக வந்த கிட்னி அவருக்குத்தான் பொருந்தியதாம்.

செய்தி வந்தபோது தையல்காரி பள்ளிச் சீருடைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். "ரொம்ப சந்தோஷம்க்கா" என்று ஃபோனில் சொன்னாள். பேசி முடித்துப் பார்த்தால் காலரைத் தலைகீழாகத் தைத்திருந்தாள். ஒவ்வொரு தையலாகப் பிரித்தாள். வயிறு பற்றி எரிந்தது.

"நாமளும் போய்ப் பாத்துட்டு வரணும்" என்றார் கணவர். அவர் முகம் மலர்ந்திருந்ததே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

"உங்களுக்குக் கோபமே வராதா? நாமதான முன்னாடி நின்னோம்."

"பஸ்ஸுக்கு நிக்கிற வரிசையா அது? பொருந்துனாத்தான தருவாங்க."

"பொருத்திக் குடுக்க ஆண்டவருக்குத் தெரியாதாக்கும்."

அவர் ஊசி குத்திக் குத்தித் தடித்துப்போன கையைத் தடவிக்கொண்டார். அன்றும் மறுநாளும் அவள் ஜெபிக்கவில்லை.

வியாழன் மத்தியானம் ஓட்டுநரின் மனைவி அழைத்தாள். "வச்ச கிட்னி இன்னும் வேலை செய்யலம்மா. மறுபடி டயாலிசிஸ்ல போட்டிருக்காங்க. கொஞ்சம் வர்றியா?"

தையல்காரிக்குள் ஏதோ குளிர்ந்தது. அது நிம்மதி என்று புரிந்தபோது கையிலிருந்த கத்தரிக்கோலை மேசையில் வைத்தாள். தனக்குள் இப்படி ஒன்று கிடக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை.

தையல் மெஷின் முன்னாலேயே உட்கார்ந்து வாய்விட்டுச் சொன்னாள். "ஆண்டவரே, அவங்களுக்குக் கிடைச்சது கெட்டுப்போகட்டும்னு என் மனசு கேக்குது. நீர் ஏன் இப்படிச் செஞ்சீர்னு விளங்கல. விளங்காமலே உம்மகிட்ட விடுறேன்."

மனம் லேசாகவில்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஓட்டுநரின் மனைவி தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "உங்க மேல பொறாமைப்பட்டேன்க்கா" என்றாள் தையல்காரி.

"தெரியும். நீ ஃபோன்ல சந்தோஷம்னு சொன்ன குரல்லயே தெரிஞ்சிடுச்சு. உன் இடத்துல நான் இருந்தா ஃபோனையே எடுத்திருக்க மாட்டேன்."

தையல்காரி அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். "அண்ணனுக்கு அது வேலை செய்யணும்" என்று முதல் தடவை வாயளவில்தான் சொன்னாள். இரண்டாம் தடவை சொன்னபோதுதான் அது அவளுடைய சொந்த வேண்டுதலாக வந்தது.

அறுவை சிகிச்சை முடிந்த ஒன்பதாம் நாள் புதுக் கிட்னி வேலை செய்து சிறுநீர் இறங்கியது. அந்த மாதக் கடைசியில் ஓட்டுநர் வீட்டுக்குப் போனார்.

தையல்காரியின் கணவருக்கு இன்னும் அழைப்பு வரவில்லை. பக்கத்துப் படுக்கையில் வேறு யாரோ படுத்திருக்கிறார். சில நாட்களில் அவளுக்கு வயிறு எரியத்தான் செய்கிறது. அதையும் ஒளிக்காமல் ஜெபத்தில் சொல்லிவிடுகிறாள்.

"இன்னிக்கு என்ன சொன்ன ஆண்டவர்கிட்ட?" என்று ஒரு நாள் வீடு திரும்பும்போது கணவர் கேட்டார்.

"ஆண்டவரே, உம்மேல கோபமா இருக்கேன்னு சொன்னேன்" என்றாள். "நாளைக்கும் ஜெபத்துக்கு வர்றேன்னு சொன்னேன்."