இலவச ராத்திரி

லப்பக் நகரில் இத்தனை காலம் மின்சாரம் கொடுத்தது நகராட்சி மட்டும்தான். இந்த வருஷம் கம்பெனியை நாங்களே தேர்ந்தெடுக்க வேண்டும் என்றார்கள். மளிகைக் கடை வாசலில் கூடாரம் போட்டிருந்த விற்பனைப் பெண் ஒரே திட்டத்தைத்தான் கூவினாள்: இரவு ஒன்பதுக்கு மேல் கரண்ட் இலவசம், பகலில் விலை அதிகம்.

என் மனைவி நொரீன் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்துவிட்டாள்.

"ராத்திரி நான் பருத்திவிதை மில்லுல இருக்கேன். பகல்ல ஏசி ஓடினாத்தான் எனக்குத் தூக்கமே. இலவசம் யாருக்கு, பூனைக்கா?" என்றேன்.

"ஊரே இதைத்தான் எடுக்குது, கர்ட்டிஸ். பக்கத்து வீட்டு வெண்டல்கூட."

"ஊரு ராத்திரில தூங்குது."

"சரி விடு. தூக்கம் கெட்டா என்னைத்தான் கடிப்ப," என்றாள். எந்நேரமும் ஒரே விலை என்ற திட்டத்தை எடுத்தோம்.

எங்களுக்கும் வெண்டலுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் அவனுடைய சலவை இயந்திரம் பகலெல்லாம் என் மண்டைக்குள் உருண்டது. ஜூலையில் அந்தச் சத்தம் இரவுக்கு மாறிவிட்டது. நொரீன் இடி விழுந்தாலும் எழமாட்டாள்.

ஒரு காலை நான் வீடு திரும்பும்போது வெண்டல் வாசற்படியில் கண் சிவந்து உட்கார்ந்திருந்தான்.

"ராத்திரி பூரா துவைச்சேன்பா."

"என்னத்தடா அவ்வளவு?"

"துவைச்சதையேதான். கரண்ட் சும்மா கிடைக்குதே."

நான் உள்ளே போய் ஏசியைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை தூங்கினேன்.