பாட்டுக்குப் பின்னுள்ள வரி

தோபா ஏரியைச் சூழ்ந்த மலைகள் முகிலைப் போர்த்திக்கொள்ள, காற்று மூச்சடக்கி நிற்க, நீர் கரும்பாறையென இறுகிக் கிடந்த ஓர் அந்திப்பொழுதில், கற்றறிந்தோரே, ஏரி நடுவிலுள்ள சாமோசிர்த் தீவின் கரையோர வீடொன்றில் பின்சார் என்னும் திருச்சபை மூப்பர், உயிரோடிருக்கும்போதே தம் இழவு விருந்துக்குத் திட்டம் வகுத்துக்கொண்டிருந்தார். அவர் பிடரியில் எழுந்த பிளவையோ, ஏரி நடுவே இன்னொரு தீவு முளைத்தது போல வளர்ந்து, சிவந்து, கருத்து, ஊருக்கே சோறு வடிக்கும் அளவுக்குக் கனன்றது.

அக்கரை மருத்துவமனைக்குச் செல்ல அவர் இசையவில்லை. கண்மூடித் திருமறையைத் திறந்து, விரல் விழுந்த வரியையே அன்றைய ஆணையாகக் கொள்வது அவர் வழக்கம். அன்று விரல் விழுந்ததோ, நோயுற்ற எசேக்கியா அரசனிடம் இறைவாக்கினர் ஏசாயா சென்று, வீட்டை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய் என்று உரைத்த இடத்தில். உடனே, இழவு விருந்தில் உறவுமுறைப்படி பகிரும் பன்றியின் தாடை எந்தக் குலத்தாருக்கு, விலா எவருக்கு என்று பங்கு பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

"தாடை எனக்கில்லேன்னா அழக்கூட வரமாட்டேன், மச்சான்" என்றான் படகோட்டியான மைத்துனன் மொனாங்.

மனைவி ருமிந்தாங் அவ்வரிக்குக் கீழே படித்தாள். அரசன் அழுதான்; அவனுக்குப் பதினைந்து ஆண்டுகள் கூட்டித் தரப்பட்டன. கேட்ட மாத்திரத்தில் பின்சார் எழுந்தமர்ந்து, பொரித்த மீன் கேட்டார்.

"இன்னும் பதினஞ்சு வருசம் கெடக்கு. ஊசி எதுக்கு?"

நூலில் அதன்பின் வருவது அரசன் பாடிய நன்றிப்பாட்டு. வழிபாட்டில் செய்தி முடிந்ததும் பாட்டு, பாட்டு முடிந்தால் சபை கலையும். ஆதலால் பாட்டு தொடங்கிய இடத்திலேயே செய்தி முடிந்ததென்று நூலை மூடினார் மூப்பர். சாவேன் என்றபோது தெளிவாகப் பேசியவர், பிழைப்பேன் என்றபின் பிதற்றலானார்; பிளவையின் கருமை தோள்வரை இறங்கியிருந்தது. ருமிந்தாங் நூலைப் பறித்து, நெடும்பாட்டைக் கடந்து, அதற்கப்பால் ஒதுங்கிக் கிடந்த வரியை அடைந்தாள்.

"தோகார் அப்பா, பாட்டுக்கு அப்புறமும் எழுதியிருக்கு" என்றாள், மகன் பெயரால் கணவரை அழைத்து. "அந்த ராசாவுக்கும் பிளவைதான். நீ பொழைப்பேன்னு சொன்ன அதே ஏசாயா, அத்திப்பழத்தை அரைச்சுப் பத்துப் போடச் சொல்லியிருக்கார்."

மூப்பர் பிடரியைத் தொட்டுப் பார்த்தார். "நம்ம வீட்ல அத்திப்பழம் இருக்கா?"

"அக்கரையில இருக்கு மச்சான், ஊசிக்குள்ள அடைச்சு வச்சிருக்கான்" என்று அவரைத் தோளில் அள்ளினான் மொனாங்.

படகு நகர்ந்ததும், அதுவரை அடங்கியிருந்த காற்று மலையிடுக்கினின்று சீறி இறங்கிற்று. மனைவி மடியில் தலைசாய்த்திருந்த பின்சார் முனகினார்.

"ராசாவுக்குப் பதினஞ்சு. எனக்கு எத்தனைன்னு எழுதலையே, புள்ள."

"எழுதலைங்க. அதனாலதான் போறோம்."

மின்னல் கீறிய வானமும் கறுத்த நீரும் ஒன்றாகிப் படகைச் சூழ்ந்துகொண்டன. ஒற்றை வரியில் நின்றவர் ஒரே அந்தியில் சாவையும் வாழ்வையும் தீர்மானித்து முடித்திருந்தார். இறுதிவரை படித்தவளோ, தீர்ப்பு இன்னதென்று அறியாமலே, அவர் தலையை இரு கைகளாலும் தாங்கியபடி இருளைக் கடந்துகொண்டிருந்தாள்.