தகராறு தீர்ந்த தேதி

வீட்டை விற்பதென்றால் அதன் குறைகளை நாமே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். கல்யாணத்துக்குக்கூட யாரும் இவ்வளவு உண்மை பேசியதில்லை. மாடிப்படியில் ஒரு கல் ஆடும், சமையலறைக் குழாய் சொட்டும், எல்லாம் எழுதினேன். தரகர் தந்த படிவத்தில் பதினோராவது கேள்வி: பக்கத்து வீட்டாரோடு தகராறு உண்டா?

பக்கத்து வீடு என் அண்ணனுடையது. பேனா அழுந்த "உண்டு" என்று எழுதினேன். அவன் மொட்டைமாடித் தண்ணீர் குழாய் வழியாக என் சந்தில் கொட்டி, என் சுவரை ஊற வைத்தது. போய்க் கேட்டால், "உன் சுவர் என்ன சர்க்கரையா, கரையறதுக்கு?" என்றான். எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. அன்றே சந்துக் கதவைப் பூட்டி, அந்தப் பக்க ஜன்னலுக்குப் பலகை அடித்தேன். ஒன்பது வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது.

போன மாதம் அண்ணன் செத்துப்போனான். போனேன், வாசலோடு நின்று திரும்பிவிட்டேன். ஆள் போனாலும் தகராறை எழுதத்தான் வேண்டும் என்றார் தரகர்.

வாங்குகிறவர்கள் அனுப்பிய பொறியாளர் எண்ணெய் விட்டுச் சந்துப் பூட்டைத் திறந்தார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"தண்ணி எங்கம்மா கொட்டுது? குழாயை அவங்க கொல்லைக்கே திருப்பி விட்டிருக்காங்களே. கம்பியெல்லாம் துருவேறிக் கெடக்கு. இன்னைக்கு நேத்து செஞ்ச வேலை இல்ல. இப்ப அவங்க சுவர்தான் ஊறுது."

தரகர் படிவத்தை நீட்டினார். "அப்ப 'இருந்தது, தீர்ந்தது'ன்னு திருத்துங்க. எப்ப தீர்ந்துச்சுன்னு தேதி போடணும்."

தேதிக்கு நான் எங்கே போவேன்? படிவத்தோடு போய் அண்ணன் வீட்டு மணியை அழுத்தினேன். அண்ணி கதவைத் திறந்தாள்.

"அண்ணி, அந்தக் குழாயை எப்ப மாத்தினீங்க?"

"சண்டை போட்டியே, அதுக்கு மறுவாரம். அவரே ஏணி வெச்சு ஏறினாரு. தங்கச்சி பாத்துட்டு ஓடி வருவான்னு அன்னைக்குப் பூரா வாசல்லயே உக்காந்திருந்தாரு."

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்ல அண்ணி. சத்தியமா பாக்கல."

அண்ணி கதவைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

"பாக்கலையா?" என்றாள். "பாத்தும் வரலன்னு நெனச்சுக்கிட்டேதானே அவரு போனாரு."