இடுக்குப் பாறையில் வெள்ளை வேட்டி

அன்று இடுக்குப் பாறைக்குப் போனவர்கள் ஐந்து பேர். ஓய்வுபெற்ற தலைமையாசிரியனான ஞானையன் என்கிற நான். என் தம்பி மகன் சத்தியராஜ். அவனுக்குப் பேசியிருந்த பெண் புஷ்பபாய். அவள் தகப்பனார் ராபின்சன். வழி காட்டிய பொன்னப்பன். வேறு யாரும் இல்லை.

ஐம்பத்துநான்காம் வருடம், ஓண விடுமுறை. எங்கள் தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்கச் சொல்லிப் போன ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அதில் கொடி பிடித்த சத்தியராஜைப் போலீஸ் தேடியது. மலையடிவாரத்தில் மரச்சீனிக் கிழங்கு போட்டிருந்த பொன்னப்பன் அவனைத் தன் குடிலில் ஒளித்து வைத்திருந்தான். பொன்னப்பன் வீட்டில் பேசுவது மலையாளம்.

பையனை நேரில் பார்க்காமல் பெண்ணைத் தரமாட்டேன் என்றார் ராபின்சன். அதனால் இடுக்கு பார்க்கப் போகிறோம் என்று ஊரில், பாறசாலையில், சொல்லிவிட்டு வில்வண்டியில் கிளம்பினோம்.

இரண்டு கறுத்த பாறைச் சுவர்களுக்கு நடுவே, மூன்று தென்னை ஆழத்தில் ஆறு ஓடியது. விளிம்பையொட்டி ஒற்றையடிப் பாதை. ஒரு பர்லாங்கு நடந்தால் துருத்திய பாறை. அங்கிருந்து அருவி தெரியும்.

சத்தியராஜ் மண்ணிறக் கைலியோடு புதரிலிருந்து வந்தான். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியை நீட்டினேன். பொன்னப்பன் குறுக்கே வந்தான்.

"வேண்டாம் சாரே. அக்கரையில போலீஸ் நடமாட்டம் உண்டு. கறுத்த பாறையில வெள்ள தனியா தெரியும் ஆக்கும்."

"பெண் வீட்டார் முன்னால கைலியோட நிக்கிற குடும்பம் இல்ல இது."

சத்தியராஜ் சிரித்தான். "ஓடணும்னா வேட்டி தடுக்குமே, பெரியப்பா?"

"ஓடுற குடும்பமும் இல்ல."

உடுத்துக்கொண்டான்.

பாறையில் ராபின்சன் அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்டார். புஷ்பபாய் ஒன்றுதான் கேட்டாள், பயம் உண்டா என்று. அவள் அப்பாவைப் பார்த்து, இப்போது உண்டு என்றான். அவள் சிரிக்கும்போதே அக்கரை மரங்களிலிருந்து கிளிகள் மொத்தமாக எழுந்தன.

அங்கே மூன்று தொப்பிகள். அருவி இரைச்சலில் எதுவும் கேட்கவில்லை. ஒருவன் லத்தியை நீட்டி நேராகச் சத்தியராஜைக் காட்டினான். பிறகு மூவரும் மரங்களுக்குள் மறைந்தார்கள்.

"மரப்பாலம் சுத்தி வர கால் மணி நேரம் ஆகும்," என்றான் பொன்னப்பன். "காட்டுக்குள்ள போயிரு மக்கா."

சத்தியராஜ் என்னைப் பார்த்தான். நான் ராபின்சனைப் பார்த்தேன். போ என்று நான் சொல்லவில்லை.

மடித்துக் கட்டியிருந்த வேட்டியை அவன் இறக்கி விட்டான். அவர்கள் வரும்வரை அப்படியே நின்றான்.

பதினோராம் நாள் விட்டார்கள். அடியில் வலது காது கேட்காமல் போயிருந்தது. கல்யாணம் தை மாதம் நடந்தது. புஷ்பபாய் இன்றும் அவனுக்கு இடப்பக்கம் நின்றுதான் பேசுகிறாள்.

மலையாளத்தான் காட்டிக்கொடுத்தான் என்று உதியன்குளங்கரைச் சந்தையில் பேச்சு. யாரோ பொன்னப்பனின் மரச்சீனியைப் பிடுங்கிப் போட்டார்கள். அவன் சந்தைக்கு வருவதை விட்டுவிட்டான்.

பொன்னப்பன் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. போலீஸ் கண்டது வேட்டியை. அதை உடுக்கச் சொன்னவன் நான்.